இரண்டாவது வாவல்

மீன் பொரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மலாயாவில் பொந்தியான் கடலோரத்தில் தென்னந்தோப்பு வேலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் சோறு இல்லாத நாள் உண்டு, மீன் இல்லாத நாள் கிடையாது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். கருவாட்டையும் பருப்பையும் மட்டும் தின்றே மனிதர்கள் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்க முடியும் என்பது அங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, வேலைக்கு ஆள் வேண்டாம் என்று குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் வேலைக்கு வரவில்லை, யார் அடிக்கடி படுத்துக்கொள்கிறார்கள் என்று கங்காணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த காலம். அதனால் எல்லோரும் எதையாவது மறைத்துக்கொண்டே இருந்தோம்.

ஆனால் லயத்தில் எதை மறைக்க முடியும்? ஒரே நீளத் தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழத்துக்கு இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து ‘நூறு’ என்பார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அடுத்த வீட்டிலிருந்தே தீர்ப்பு வரும். புகையும் வாசனையும் அந்த இடைவெளி வழியாக எந்த வீட்டுக்கும் போகும்.

எனக்கு அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். முந்தைய வருஷம் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். ஐந்து வயதில் ஒரே பெண் குழந்தை. அந்தக் குழந்தையைத் தவிர இந்த நாட்டிலும் அந்த நாட்டிலும் அவளுக்கு வேறு யாரும் இல்லை. நான் சொல்லப்போகிற நாளில் அவளும் நானும் இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம்.

சண்டை மீனால்தான் வந்தது. குழாயடியில் பத்துப் பேர் முன்னால், “இவ வந்த நாள்லேர்ந்து லயமே மீனுக்கடை மாதிரி நாறுது” என்றாள். நான் சும்மா இருக்கிற ஆளா? “ஒங்க வீட்டுல ஆக்கிப்போட ஆளில்லாத வயித்தெரிச்சல் ஒங்களுக்கு” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். புருஷன் செத்து வருஷம் திரும்பாத ஒருத்தியிடம் சொல்கிற வார்த்தையா அது? சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மட்டும் எனக்கு அப்போது இல்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றோடு முகம் பார்ப்பதும் நின்றது.

அந்த வாரம் நாலு நாளாக அவள் காலைப் பிரட்டுக்குப் போகவில்லை. விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தில் அவள் பேருக்குப் பதில் இல்லை. வயிற்றுவலி என்று கங்காணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். கதவு சாத்தியே கிடந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் யாரையோ கெஞ்சுகிற குரல் மட்டும் வரும்.

“தாயே, ஒரு வாய் கூழு குடிங்க தாயே. கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு வாய்.”

அவள் சாமியோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். என் புருஷனிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். “வேலைக்கும் போகாம சாமிக்குக் கூழு ஊட்டிக்கிட்டு இருக்காங்க அந்தம்மா.” அவர் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் லேசில் சிரிக்கமாட்டார், சாமி விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். நாலு நாளாக அந்தக் குழந்தை வாசலில் விளையாடவில்லை என்பது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. எனக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டு வந்தது. ‘பொரிச்ச மீன் ஒரு துண்டு கெடைச்சா சோறு இறங்கும்’ என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். என் தொல்லை தாங்காமல் அவர் காலையிலேயே ரெங்கம் கடைத்தெருவுக்கு நடந்தார். ரயிலில் ஐஸ் பெட்டியில் வந்திறங்கும் மீனில் இரண்டு வெள்ளை வாவல் வாங்கி, வாழை இலையில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டும் உள்ளங்கையைவிடப் பெரியவை. கண் இன்னும் கலங்காமல் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாவலுக்கு மசாலாவை அள்ளிப் பூசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நல்ல மீனை மிளகாயில் புதைப்பது அதை அவமானப்படுத்துவது. உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகு, இடித்த பூண்டு, அவ்வளவுதான். முக்கியமான வேலை ஈரம் போக்குவது. கழுவிய மீனைத் துணியால் ஒற்றி ஒற்றி, வயிற்றுக்குள்ளும் துடைத்து, காற்றாட வைக்க வேண்டும். கடைசியாக ஒரு சிட்டிகை அரிசி மாவைத் தூவித் தட்டிவிட வேண்டும். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்து, தேங்காயெண்ணெய் நெளிய ஆரம்பித்ததும் மீனை நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகு தொடக் கூடாது. அவசரப்பட்டுப் புரட்டினால் தோல் கல்லிலேயே நின்றுவிடும். மொறுமொறுப்பானதும் மீன் தானாகவே கல்லை விடும். அதுவரை பொறுக்க வேண்டும். பொறுமை என்று எனக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு வேலையில்தான்.

அன்றைக்கு ஒரு மீனை மட்டும் பொரித்துவிட்டு, இன்னொன்றை உப்பு மஞ்சள் தடவி மறுநாளைக்கு எடுத்து வைப்பதாகத் திட்டம். மதியம் அடுப்பை மூட்டினேன். அவர் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். மீனைக் கல்லில் போட்டதும் சுர்ரென்று சத்தம் எழுந்தது. அந்த வாசனையில் என் குமட்டல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அடுத்த வீட்டு அக்கா தடுப்புப் பலகையை டொக் டொக்கென்று தட்டினாள்.

முதலில் கண்டுகொள்ளவில்லை. மறுபடி தட்டினாள், இந்தத் தடவை பலமாக. ‘நாறுதா உனக்கு? நாறட்டும்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தட்டத் தட்ட எனக்கு வீம்பு ஏறியது. இரண்டு பல் பூண்டை நசுக்கி எண்ணெயில் போட்டேன். கறிவேப்பிலையையும் உருவிப் போட்டேன். புகை எழும்பிக் கூரைக்குப் போய், இடைவெளி வழியாக அந்தப் பக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

தட்டுவது நின்றது. கொஞ்ச நேரத்தில் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்து நின்றாள். தலை வாரி எத்தனை நாள் ஆனதோ. கண் உள்ளே போயிருந்தது. சண்டைக்கு வந்தவள் கத்துவாள் என்று நானும் தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை. மூச்சு மட்டும் விட்டுப் பேசுவதுபோல, சத்தமே எழாமல் பேசினாள்.

“அடிப் பாவி. ஆத்தா எறங்கியிருக்கிற வீட்டுக்குப் பக்கத்துல எண்ணெயக் காய வைக்கிறியே. பலகையத் தட்டுனேனே. ஒனக்குக் காது இல்லியா?”

ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்றால் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. அம்மை கண்ட வீட்டிலும் அண்டை வீட்டிலும் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, மீன் வாசனையே ஆகாது. வாசனை பட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், முத்து உள்ளே இறங்கிவிடும், பிள்ளை பிழைக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு வயதில் எனக்கே அம்மை வந்து, நெற்றியில் இரண்டு தழும்பு இருக்கிறது.

“வேப்பில சொருகலியே அக்கா” என்றேன். அந்த நேரத்தில் அவளை அக்கா என்று கூப்பிட்டது எனக்கே கேட்டது.

“சொருகுனா டிரசருக்குத் தெரிஞ்சிடும். தூக்கிக்கிட்டுப் போயி காட்டுக் கொட்டாயில தனியா போட்டுருவான். போன வருஷம் மூணாம் லயத்துப் பிள்ளை என்னாச்சுன்னு தெரியுமில்ல?”

தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் திங்கட்கிழமைதோறும் லயத்தைச் சுற்றிப் பார்ப்பார். அம்மை என்று தெரிந்தால் ஒதுக்குப்புறமான கொட்டகைக்கு அனுப்பிவிடுவார், தாயைக்கூட உடன் போக விடமாட்டார். போன வருஷம் போன பிள்ளை திரும்பவில்லை. அதனால்தான் இவள் கதவைச் சாத்தி, வேப்பிலையைப் பாய்க்கடியில் மறைத்து வைத்து, வயிற்றுவலி என்று பொய் சொல்லியிருக்கிறாள். தடுப்புக்கு அப்பால் அவள் ‘தாயே, குடிங்க’ என்று கெஞ்சியது சாமிப் படத்தை இல்லை. அம்மை இறங்கிய பிள்ளையைப் பேர் சொல்லியோ வாடி போடி என்றோ கூப்பிட மாட்டார்கள், அந்த உடம்பில் இருப்பது ஆத்தா. ஐந்து வயது மகளை அவள் நாலு நாளாகத் தாயே என்று கும்பிட்டுக் கூழ் ஊட்டப் பார்த்திருக்கிறாள். நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அவள் போய்விட்டாள். கல்லில் இருந்த மீன் கருகிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு உள்ளே வந்த என் புருஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ரெண்டு மீனையும் கொண்டுபோயி பொதைச்சிடு. இப்பவே. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன காரியம் பண்ணிட்டே நீ?”

கருகியதைக் கொண்டுபோய்ப் புதைத்தேன். உப்புத் தடவிய இன்னொரு மீனைப் புதைக்க மனசு வரவில்லை. அதைச் சட்டியோடு விறகுக் கட்டுக்குப் பின்னால் ஈரத் துணி போட்டு மூடி வைத்தேன். பக்தி வேறு, பசி வேறு என்று எனக்குள் ஒரு பேய் இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுத் தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தக் குரலைக் கேட்டேன். நாலு நாளில் முதல் தடவையாகக் குழந்தை பேசியது.

“மீனு.”

“தாயே, அதெல்லாம் வேணாம் தாயே. எளநி குடிங்க.”

“மீனு வேணும்.”

மெல்லிய, வறண்ட குரல். கொஞ்சம் நேரம் நிற்கும், பிறகு மறுபடி ‘மீனு’ என்னும். நாலு நாளாகக் கூழையும் இளநீரையும் துப்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் வீம்புக்கு அனுப்பிய வாசனை போய்ச் சேர்ந்திருக்கிறது. அது அந்தப் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மை கண்டவர்களுக்கு மூன்றாவது தண்ணி ஊற்றும்வரை மீன் கண்ணில் காட்டக் கூடாது. அதே சமயம், அம்மை கண்டவர் வாய்விட்டு எதையாவது கேட்டால் அதை மறுக்கவும் கூடாது, ஏனென்றால் கேட்பது ஆத்தா. கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். நாலு நாளாக ஒன்றும் உள்ளே போகாத உடம்பு. அந்த இரண்டு குற்றத்தில் எது பெரியது என்று அந்த அறைக்குள் தனியாக உட்கார்ந்து ஒருத்தி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மறுபடி என் பின்வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை படி ஏறவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துப் பேசினாள்.

“கேக்குதும்மா. விடாம கேக்குது. ஒரு துண்டு இருந்தா குடு. பாவமோ புண்ணியமோ என் தலையில விழட்டும். இருக்கா?”

குழாயடியில் நான் சொன்ன வார்த்தைக்குப் பிறகு, என் வாசலுக்கு வந்து கேட்பதற்கு அவள் எதையெல்லாம் விழுங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது. மீன் என் கையால் போய், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நாளைக்கு லயமே என்னைக் கைகாட்டும். அதுகூடப் போகட்டும். ஆத்தா என் வயிற்றைப் பார்த்தால்?

“இல்லக்கா” என்றேன். “ஒண்ணுதான் வாங்கியாந்தாரு. அதுவும் கருகிப்போச்சு. பொதைச்சிட்டேன்.”

எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள். “ஒனக்கும் ஒண்ணும் ஆகாது, பயப்படாத” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்த என் புருஷன் எல்லாவற்றையும் கேட்டார். அவர் விறகுக் கட்டைப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பினாரோ, நம்பாமல் விட்டாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. நேர்ந்துகொள்ளப் போகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை வெயிலில் படபடத்தது. அந்தப் பக்கம் ‘மீனு’, கொஞ்சம் நேரம் கழித்து மறுபடி ‘மீனு’. காதைப் பொத்திக்கொண்டால் கேட்காது, ஆனால் கையை எடுத்துக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த தடவை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு இருந்தேன். இடைவெளி நீண்டுகொண்டே போனது. பிறகு குரல் நின்றுவிட்டது.

இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுடைய குரலும் வரவில்லை. பலகையில் காதை வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளை தூங்கியிருக்கலாம். அப்படித்தான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆத்தாவைப் பற்றிய பயமெல்லாம் அப்போது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் மனசில் பட்டது. அந்தப் பிள்ளை ஒரு துண்டு மீன் கேட்டுக் கேட்டு அடங்கிப் போனால், நான் பெறப்போகிற பிள்ளைக்கு என்றைக்குமே நிம்மதியாக ஒரு வாய் ஊட்ட முடியாது. விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து சட்டியை இழுத்தேன். மீன் விறைப்பாகத்தான் இருந்தது. துணியால் ஒற்றினேன். அடுப்பை ஊதினேன். கல்லை வைத்தேன்.

எண்ணெய் நெளிந்தது. மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, கல்லுக்கு மேலே நிறுத்தினேன். அங்கே நின்றுவிட்டேன்.

இதைப் போட்டால் சுர்ரென்று சத்தம் வரும். வாசனை தடுப்பைத் தாண்டும். நான் தட்டை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, நான் இல்லை என்று சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். லயத்தில் சத்தமில்லாமல் மீன் பொரிக்க வழியே கிடையாது. வேறு எதையாவது சொல்லலாமா, இப்போதுதான் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று சொல்லலாமா என்று அந்த நேரத்திலும் என் புத்தி தேடியது. மீனிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயில் விழுந்து படீரென்றது. அந்தச் சத்தத்துக்கே அந்தப் பக்கம் பாய் அசைந்தது.

போட்டேன்.

அவ்வளவு நேரம் ஒரு மீன் பொரிந்து நான் பார்த்ததில்லை. அவள் பலகையைத் தட்டவில்லை. திட்டவில்லை. பெயர்த்து எடுத்துவிட்டு ஓடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் கல்லை விடாத மீனைப் பெயர்த்தால் சிதைந்து போகும். நின்றேன். ஓரம் பொன்னிறமாகி, தோல் சுருங்கி, மீன் தானாக அசைந்து கொடுத்ததும் புரட்டினேன். தோல் ஒரு துளிகூட ஒட்டாமல் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஒரு மீனை நான் பொரித்ததில்லை.

பீங்கான் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவள் பின்வாசலுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருட்டு, வேப்பிலை வாசனை. பிள்ளை பாயில் கிடந்தது. முகம், கழுத்து, கை எங்கும் முத்து. கண் மூடியிருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

அவள் எழுந்து வந்து தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இல்லன்னு சொன்னியே” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ புரியாத கணக்கைக் கேட்கிறவள்போலக் கேட்டாள். நான் தயாராக வைத்திருந்த பொய் எதுவும் வாயில் வரவில்லை. “பயந்துட்டேன் அக்கா” என்றேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தாயே, கேட்டது வந்திருக்கு தாயே. கண்ணத் தொறங்க.”

பிள்ளை கண் திறந்தது. வாசனை பிடித்துத் தலையைத் திருப்பியது. வாயைத் திறந்தபோது உள்ளே நாக்கிலும் உதட்டிலும் புண் தெரிந்தது. நான் பெருமையாகப் பொரித்து எடுத்த அந்த மொறுமொறுத்த தோல் பட்டால் கத்தியால் கீறியதுபோல இருக்கும். அவள் தோலை முழுதாக உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். உள்ளே இருந்த வெள்ளைச் சதையை முள் பார்த்து, விரலால் மசித்து, நெல்லளவு நெல்லளவாக நாக்கில் வைத்தாள். பிள்ளை முதலில் வைத்ததை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கியது. மறுபடி வாயைத் திறந்தது.

பாதி மீன் உள்ளே போயிருக்கும். பிறகு நாலு நாளாகத் துப்பிய இளநீரை அரைச் சிரட்டை குடித்தது. குடித்துவிட்டு நன்றாகத் தூங்கியது. அவள் தட்டின் ஓரத்தில் கிடந்த தோலை எடுத்து இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மறு பாதியை என்னிடம் நீட்டினாள்.

“தின்னு. ஆத்தா கேட்டா மூணு பேரும்தான் தின்னோம்னு சொல்லிக்கலாம்.”

நான் வாங்கித் தின்றேன். மொறுமொறுவென்று உடைந்தது. இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை டிரசர் வந்தபோது என் வீட்டு வாசலில் நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தி, அவரை அடுத்த கதவுக்குப் போகவிடாமல் இழுத்து வைத்தேன். அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி. முத்துக்கள் காய்ந்து உதிர்ந்தன. வேப்பிலை போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரை மூன்று முறை ஊற்றினாள். பிள்ளை பிழைத்தது. என் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒரே தடுப்புக்கு இரு பக்கமும் வாழ்ந்தோம். எனக்கு வலி கண்டபோது முதலில் ஓடிவந்தது அவள்தான். என் மகனைக் குளிப்பாட்டியது அவள். அவல் இடித்தால், சுண்டல் அவித்தால் முதல் கிண்ணம் என் வீட்டுக்கு வரும். நான் உப்பு கேட்டால் உப்பு, நெருப்பு கேட்டால் நெருப்பு, கேட்டு முடிக்கும் முன் தருவாள். அவள் என்மேல் மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

என் மகனுக்கு மூன்று வயது இருக்கும். அடைமழைக் காலம். வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் காலிச் சிரட்டையோடு என்னைத் தாண்டிப் போனாள். போகும்போது சிரித்தாள். லயத்தின் கடைசி வீடுவரைக்கும் அந்த மழையில் நடந்து போய், உப்பு வாங்கி, மடியில் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மறுபடி என் வாசலில் நின்று, “பையனுக்குச் சளி கொறஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் எனக்குக் கொடுத்திருக்கிறாளே தவிர, என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு மிளகாய் கேட்டதில்லை. ஒரு தீக்குச்சி கேட்டதில்லை. என் அடுப்பங்கரையில் உப்புச் சட்டி நிறைய உப்பு இருந்தது.